மேற்கெல்லை தெரியாத விடுதி

இரண்டாண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், வியட்நாம் நாட்டின் ஹனோய் நகரில், நான் தங்கியிருந்த விடுதி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தெருத்தெருவாக அலைந்தேன். இதைச் சொன்னால் எங்கள் உத்திரமேரூரில் எவரும் நம்புவதில்லை. இடங்களை அடையாளம் காட்டுவதுதான் என் தொழில். நான் ஆவண எழுத்தர். ஒருவர் தம் நிலத்தை விற்றாலும், பிள்ளைக்கு எழுதி வைத்தாலும், அதற்கு வடக்கே என்ன, தெற்கே என்ன, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று நான்கு எல்லைகளையும் பிழையின்றி எழுதிக் கொடுப்பவன். ஓர் எல்லை குறைந்தாலும் பேனாவைத் திறக்க மாட்டேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இருபத்தாறு ஆண்டுகளில், பொங்கலுக்கு மூன்று நாள் தவிர, நான் விடுப்பு எடுத்ததில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் எங்களைக் கேளாமலே பயணச்சீட்டு, விடுதி எல்லாவற்றையும் பதிந்துவிட்டாள். “ஆடி மாசத்துல யாருப்பா பத்திரம் எழுத வரப் போறாங்க? எட்டு நாளு அம்மாவக் கூட்டிக்கினு போயிட்டு வா” என்றாள். மறுத்துப் பேச எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்திய நாள் சாலவாக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். ஆவணி பிறந்ததும் மகளுக்கு அரை ஏக்கர் நிலம் எழுதிவைக்க வேண்டும் என்றார். மூன்று எல்லைகளைச் சொன்னார். மேற்கே இருந்த நிலம் கைமாறிவிட்டதாம். வாங்கியவர் பட்டாவை மாற்றாததால் கணினியிலும் பழைய பெயரே நின்றது.

“யாரோ மெட்ராஸ்காரங்க வாங்கிக்கீறாங்க சார். பேரு தெர்ல.”

“தெரிஞ்சிக்கினு வாங்க. மூணு எல்லைல பத்திரம் நிக்காது.”

“நீ கண்டிசன்னா கண்டிசன்தான் சார்” என்று எழுந்தவர், என் மேசைமேல் கிடந்த கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டார். “இன்னா சார், ஃபாரினா? அங்க போயி யாருக்குப் பத்திரம் எழுதப் போறே?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மேசையைப் பூட்டினேன்.

ஹனோயில் எங்கள் விடுதி, பழைய நகரத்தின் குறுகலான தெரு ஒன்றில் இருந்தது. முதல் நாள் காலையில் என் மனைவி வாசலில் நின்று கதிரவனைக் கும்பிட்டாள். வாசல் கிழக்குப் பார்த்தது என்பதை அப்படி அறிந்தேன். உடனே என் கண்கள் தம் வேலையைத் தொடங்கிவிட்டன. கிழக்கே தெரு; தெருவுக்கு அப்பால், சுவரில் கண்ணாடி மாட்டி நடைபாதையிலேயே முடிதிருத்தும் ஒருவர். வடக்கே தகரப் பெட்டிகள் செய்யும் கடை. தெற்கே பழைய கோயில் வாயில் ஒன்று. அதன் மதிலைப் பிளந்துகொண்டு ஒரு மரம். மேற்கே என்ன இருக்கிறது என்று பார்க்க விடுதியின் பின்பக்கமாக நகர்ந்தபோது அவள் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, இங்க வந்தும் எல்ல அளந்துக்கினு கீறீங்களா? நாம இன்னா இந்தக் கட்டடத்த வாங்கவா போறோம்? சும்மா வாங்க.”

சும்மா போனேன். மேற்கு விடுபட்டுப் போயிற்று.

மூன்றாம் நாள் நல்ல மழையில் நனைந்தோம். நான்காம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிற்பகலில் உடம்பு கொதித்தது. கொண்டுபோயிருந்த மாத்திரையும் தீர்ந்துவிட்டது. அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மாத்திரை வாங்கிவரப் புறப்பட்டேன். மின்னேற்றத்தில் இருந்த கைப்பேசியை எடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை ஒன்றைப் பார்த்திருந்தேன், பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். வெளியேறும்போது, கதவருகே சுவரில் செருகியிருந்த சாவி அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டை விட்டு இறங்கும்போது விளக்கை அணைத்துவிட்டு இறங்கும் பழக்கம் எங்களுடையது. அந்த அட்டை செருகியிருந்தால்தான் அறையில் மின்சாரம் ஓடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாத்திரை எளிதாகக் கிடைத்தது. தீர்ந்துபோன மாத்திரையின் காலி அட்டையைக் காட்டினேன், கொடுத்தார்கள். திரும்பும்போது எங்கோ ஒரு முனையில் தவறாகத் திரும்பிவிட்டேன். அங்கே எல்லாத் தெருக்களும் ஒன்றுபோலவே இருந்தன. கிழக்கைக் காட்டக் கதிரவனும் இல்லை. வானம் முழுக்க மேகம். யாரையும் கேட்க மனம் வரவில்லை. இடம் கண்டுபிடிக்க நான் கேட்பதா என்ற செருக்கு. ஒரு மணி நேரம் அப்படியே நடந்தேன். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டபோதுதான், சட்டைப்பையில் இருந்த சாவி அட்டையின் பொருள் சுரீரென உறைத்தது. குளிரூட்டி நின்றிருக்கும். சன்னலில்லாத அந்த அறையில், இருட்டில், காய்ச்சலோடு அவள் தனியாகக் கிடப்பாள். என்னை அழைத்துப் பார்த்தால், மணி அவள் தலைமாட்டிலேயே ஒலிக்கும்.

சாவி அட்டையில் 402 என்ற எண் மட்டுமே இருந்தது. விடுதியின் பெயர் என் வாயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. நூற்றுக்கணக்கான நிலங்களின் புல எண்களை மனப்பாடமாகச் சொல்லும் எனக்கு, மகளின் கைப்பேசி எண் தெரியவில்லை.

நடைபாதையில் சிறு முக்காலிகளைப் போட்டுத் தேநீர் விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு பெண். என் மனைவியின் வயது இருக்கும். அவளிடம் போய் நின்றேன். ஆங்கிலத்தில் கேட்டேன், புரியவில்லை. சாவி அட்டையைக் காட்டினேன்; கையை விரித்தாள். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினேன். மருந்துக்கடைக் காகிதப் பையைப் பிரித்து, பேனாவை எடுத்து, நடுவில் ஒரு கட்டம் வரைந்தேன். கிழக்கே தெருவும், கண்ணாடியும், கத்தரிக்கோலும். வடக்கே பெட்டியும் சுத்தியும். தெற்கே வாயிலும், மதிலில் முளைத்த மரமும். கட்டத்துக்குள் படுத்திருக்கும் ஒரு பெண்ணை வரைந்து, அவள் நெற்றியில் கை வைப்பதுபோல் என் நெற்றியில் கை வைத்துக் காட்டினேன்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த இருவர் எழுந்து வந்தார்கள். ஒருவர் வலப்பக்கம் கை நீட்டினார். மற்றவர் அவர் கையைத் தட்டிவிட்டு இடப்பக்கம் காட்டினார். குரல்கள் உயர்ந்தன. சார் பதிவாளர் அலுவலக வாசலில் பங்காளிகள் வரப்புக்காகப் போடும் சண்டை அப்படியே இருந்தது. மொழி மட்டும்தான் வேறு. அந்தப் பெண் சண்டையைக் கவனிக்கவில்லை. படத்தில் வெறுமையாக இருந்த மேற்குப் பக்கத்தில் விரலை வைத்து, ‘இங்கே என்ன?’ என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் பிறரைக் கேட்ட கேள்வி அது. இரண்டு கைகளையும் விரித்தேன்.

நானாக இருந்தால், தெரிந்துகொண்டு வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அவள் சிரித்தாள். கெண்டியை மூடினாள், சண்டை போட்ட இருவரிடமும் கடையை ஒப்படைத்தாள், காகிதத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

முதலில் போன தெருவில் முடிதிருத்துபவர் இருந்தார். தகரக் கடை இல்லை. அவள் படத்தைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், திரும்பினாள். இன்னும் இரண்டு முனைகள் கடந்ததும் சுத்தி தகரத்தில் விழும் ஒலி கேட்டது. அதைவிட இனிய ஓசையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

என் மனைவி அறையில் இல்லை. விடுதியின் கீழ்த்தளத்து நாற்காலியில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, யாரோ கொடுத்த கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, மாத்தர வாங்க மெட்ராசுக்கா போயிட்டீங்க? கரண்ட்ட வேற புடுங்கிக்கினு போயிட்டீங்களே! இருட்டுல தடவித் தடவி எறங்கி வந்தேன்” என்றாள். பிறகு என் பின்னால் நின்றவளைப் பார்த்து, “இது யாரு?” என்றாள்.

அந்தப் பெண் அருகில் போய் என் மனைவியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இவளும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஏதேதோ சொன்னாள். அவள் தன் மொழியில் மறுமொழி சொன்னாள். இருவருக்கும் எல்லாம் புரிந்ததுபோலத்தான் இருந்தது.

பணம் எடுக்க என் கை சட்டைப்பைக்குப் போனதும், அந்தப் பெண் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தன் கடை இருந்த திசையைக் காட்டினாள். போவதற்கு முன் என் பேனாவைக் கேட்டு வாங்கினாள். காகிதத்தை மேசைமேல் விரித்து, வெறுமையாக இருந்த மேற்குப் பக்கத்தில் ஒரு மீனை வரைந்து என்னிடம் நீட்டினாள்.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியதும், இருவருமாக விடுதியின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். மீன் சந்தை ஒன்று இருந்தது. அங்கிருந்து நேராக அவள் கடைக்குப் போய்த் தேநீர் குடித்தோம்.

ஆவணி பிறந்தது. சாலவாக்கத்துக்காரர் வந்தார்.

“இன்னா சார், ஃபாரின்ல எத்தினி பத்திரம் எழுதினே?”

“ஒண்ணு எழுதினேன். அதுவும் மூணு எல்லையோட.”

“அது சரி! எங்களுக்கு மட்டும் நாலு கேளு” என்று சிரித்தவரின் முகம் சட்டென வாடியது. “மேக்கால இரும்பு கேட்டுப் போட்டு வச்சிக்கீறாங்க சார். ஒரு மாசமா நடந்துக்கினு கீறேன். எவனும் தொறக்க மாட்டேங்கிறான்.”

எனக்கு முன்னால் இன்னும் மூவர் காத்திருந்தனர். அவர்களிடம் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மேசையை மூடி, அவருடைய வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் நம்பாமல் இருமுறை திரும்பிப் பார்த்தார். சாலவாக்கத்தில் அந்தக் கேட்டை நானே தட்டினேன். காவலாளியிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய், உரிமையாளரின் பெயரை ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து கொடுத்தார். அன்று மாலையே நான்கு எல்லைகளோடும் ஆவணத்தை எழுதி முடித்தேன்.

இன்றும் மூன்று எல்லைகளோடு வரும் எவருக்கும் நான் பத்திரம் எழுதுவதில்லை. ஆனால் நான்காவதைத் தெரிந்துகொண்டு வா என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், என் எட்டு நாள் விடுப்பைவிட, முன்பின் அறியாத ஒருவனுக்காகக் கெண்டியை மூடிவைத்து அந்தப் பெண் எடுத்த அரை மணி நேர விடுப்பே நினைவுக்கு வர, மேசையை விட்டு எழுந்து அவர்களோடு நடக்கிறேன்.