கல்யாண வீடியோக்காரர் எடுத்த பங்க் ராக் கச்சேரி

பரணில் கிடந்த வீடியோ கேசட்டைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது. துடைத்துக் கணினியில் ஏற்றினேன்.

ஆம்பூர் சர்ச் ஹாலில் அண்ணன் பங்க் ராக் பாடியபோது எனக்குப் பத்து வயது. பக்கத்தில் தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் ஹாலுக்குள்ளும் வீசியது. படமெடுத்தவர் கல்யாண வீடியோக்காரர். மேடையைக் கொஞ்சம் காட்டிவிட்டு, வழக்கம்போல வந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார்.

பிறகு வீட்டில் போட்டுப் பார்த்த கேசட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணன் அவரிடம் போய்க் கத்தினான்.

"இன்னாண்ணா, எங்கள எடுக்கச் சொன்னா ஜனங்கள எடுத்து வச்சிருக்கீங்க?"

"வந்தவங்க மூஞ்சி இல்லன்னா எங்கிட்டதாம்பா பேஜார் பண்ணுவாங்க."

அண்ணன் அதைப் பரணில் எறிந்தான். மீதியை யாரும் பார்க்கவில்லை.

"அந்தக் கூச்சலுக்கு நா வரல, டியூட்டி இருக்கு" என்று அன்று கிளம்பிப்போன அம்மா, இப்போது கணினியில் ஓடும் அந்த மீதியில், கடைசி வரிசைக்குப் பின்னால் நர்ஸ் உடுப்பில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். பாட்டு முடிந்ததும் காதிலிருந்து கையை எடுத்துக் கைதட்டுகிறாள்.