பட்டா இல்லாத பதினொரு வீடுகள்

கல்குவாரியால் யாருக்கு என்ன ஆபத்து என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. எனக்குச் சொந்த ஊர் ஜெகதளா, ஒரு மலைக்கிராமம். கோவையில் ஜியாலஜி படித்துவிட்டு அங்கேயே ஒரு கன்சல்டிங் ஆபீசில் சேர்ந்தேன். குவாரிக்கு அனுமதி கேட்கும்போது அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். வெடி வைத்தால் வீடு விரிசல் விடுமா, ஊற்று வற்றுமா, மண் சரியுமா என்று பார்த்து எழுதுவது நாங்கள். எங்களை அமர்த்துவது அதே குவாரிக்காரர். இதில் இருக்கும் அசிங்கம் எனக்கு உறைக்க மூன்று வருஷம் ஆயிற்று.

கூடலூருக்கு அப்பால் ஒரு குவாரி, மலையின் இன்னொரு பக்கத்தையும் உடைக்க அனுமதி கேட்டிருந்தது. நான் அளக்கப் போனேன். மேலே, எப்போதோ மூடிப்போன எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் பதினொரு குடும்பங்கள் இருந்தன. சிலோனிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்.

ஓர் அக்கா என்னை உட்காரவைத்து டீ கொடுத்தாள். அவள் வீட்டுச் சுவரில் என் விரல்கள் நுழையும் அளவுக்கு விரிசல். குடித்து முடிப்பதற்குள் கீழே குவாரியில் சங்கு ஊதியது. எழுந்து வாசலுக்குப் போன என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெளிய போகாத தங்கச்சி, கல்லு வரும்."

தரை அதிர்ந்தது. தகரக் கூரையில் ஏதோ விழுந்து உருண்டது.

"இது சின்னது. போன மாசம் தகரத்தப் பொத்துக்கிட்டு உள்ளயே விழுந்துச்சு. என்ட மகளுக்குக் கால் எலும்பு முறிஞ்சி போச்சு."

புதிதாக உடைக்கப்போகும் எல்லையிலிருந்து அவள் வாசல் வரை அளந்தேன். நூற்று நாற்பது மீட்டர். சட்டம் கேட்கும் தூரத்தில் பாதிகூட இல்லை. 'அபாயம்: மிக அதிகம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் அறிக்கை திருத்தப்பட்டு என் மேசைக்கு வந்தது. 'அபாயம்: குறைவு. அருகில் குடியிருப்பு இல்லை.'

நேராக எங்கள் ஆபீஸ் முதலாளி அறைக்குப் போனேன். "சார், அந்த ஊட்டுக்குள்ள உக்காந்து நான் டீ குடிச்சனுங்க."

அவர் நிமிரவே இல்லை. "ஏம்மா, அவங்களுக்குப் பட்டா இருக்குதா? ரெவின்யூ மேப்புல ஊடு இருக்குதா? இல்லீல்ல. அப்ப ரெக்கார்டுப்படி அங்க யாரும் குடியில்ல."

"கல்லு பட்டாவப் பாத்துட்டா சார் விழுகுது?"

"சின்னப் புள்ளையாட்டப் பேசாத. கையெழுத்தப் போடு."

நான் போடவில்லை. வேறொருவர் போட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவர் மேல் மட்டுமல்ல, என் மேலும். அதற்கு முன் எத்தனை அறிக்கைகளில் மேப்பை மட்டும் பார்த்து 'குடியிருப்பு இல்லை' என்று நானே எழுதியிருக்கிறேன்! அங்கெல்லாம் யார் வீட்டுக் கூரையில் என்ன விழுந்ததோ.

கருத்துக்கேட்புக் கூட்டம் கூடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டிப்போனார்கள். 'இயற்கைக்குக் கேடில்லாத, நீடித்த சுரங்கத் திட்டம்' என்று திரையில் பச்சை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதலாளி வாசித்தார். "குவாரியைச் சுற்றிக் குடியிருப்புகள் ஏதும் இல்லை."

மூன்றாம் வரிசையில் அந்த அக்கா எழுந்தாள். "ஐயா, அப்ப நாங்க யாரு?"

மேடையிலிருந்த அதிகாரி தாளைப் புரட்டினார். "உங்க வீடு லிஸ்ட்ல இல்லையேம்மா."

"ரேஷன் கார்டு அந்த வீட்டுக்குத்தானே குடுத்தீங்க? ஓட்டுக் கேட்டு அங்கதானே ஏறி வர்றீங்க?"

மண்டபத்தில் கூச்சல் கிளம்பியது. நான் மைக்கை வாங்கினேன். "நூத்தி நாப்பது மீட்டருங்க. நான்தான் அளந்தேன். எழுதியும் குடுத்தேன். மாத்திட்டாங்க."

முதலாளி மைக்கைப் பிடுங்கினார். ஆனால் அதிகாரி அதற்குள் எழுதிக்கொண்டுவிட்டார். ஆபீஸ் ஜீப் என்னை விட்டுவிட்டுப் போயிற்று. பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் வேலை போனது போனில் தெரிந்தது.

அனுமதியை நிறுத்திவைத்தார்கள். சந்தோஷப்பட்டேன், சில மாதங்களுக்கு. பிறகு வேறொரு ஆபீஸ் புது அறிக்கை கொடுத்தது. அதை வாங்கிப் படித்தேன். அந்தப் பதினொரு வீடுகளும் இருந்தன, 'தற்காலிகக் கொட்டகைகள்' என்ற பெயரில். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் அங்கே இருக்கிறார்கள். கை கூசாமல் எழுதியிருக்கிறான்.

நானும் அந்த அக்காவும் ஆட்சேபணை மனு எழுதினோம். பதினொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கி, நானே கலெக்டர் ஆபீசில் போய்க் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. குவாரியில் பழைய பக்கம் தினமும் வெடிக்கிறது.