டேனியலின் போஞ்சி

நேற்று மொன்றியலுக்குப் பக்கத்துக் கர்க்லாண்டில், மகள் வீட்டுக் குசினியில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை மணம் மூக்கில் ஏறியதும் எழும்பி வெளியே போய்விட்டேன்.

"அப்பாவுக்கு என்ன?" என்றாள் மகள்.

"அவர் ஒருக்கா ஒரு கொலை செய்தவர் பிள்ளை. நானும் கூட்டு," என்றாள் என் மனைவி.

நீங்கள் பயப்படவேண்டாம். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மொன்றியலின் லாசால் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரித்தேன். பராமரிப்பு என்பது மரியாதைப் பெயர். குழாய் அடைப்பு எடுப்பதும் பனி தள்ளுவதும்தான் வேலை. கீழ்த்தளத்தில் மிரியம் என்றொரு யூதப் பெண்மணி, எண்பதைத் தாண்டியவர், தனியே இருந்தார். சன்னலுக்குக் கீழே பாய் அகலத்தில் அவருக்கு ஒரு பாத்தி. ஒரு வசந்தத்தில் முழங்கால் மடங்கவில்லை என்று, "உனக்குத் தோட்டம் தெரியுமா?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தான் தெரியாது என்பானா? பரம்பரை விவசாயி என்று அளந்துவிட்டேன். உண்மையில், மிளகாய்க் கன்றுக்கு வாய்க்கால் தண்ணி மாற என் ஐயா கூப்பிட்டால் வயிற்றுக்குத்து என்று படுத்துவிடும் ஆள் நான்.

சின்னப் போத்தலில் கொஞ்சம் விதை தந்தார். பூஞ்சணம் பிடித்ததுபோக மிஞ்சியது அவ்வளவுதானாம். அவருடைய அண்ணன் டேனியல் பயிர் விஞ்ஞானம் படித்தவர். மொன்றியலின் குட்டிக் கோடைக்குள் காய்த்து முற்றக்கூடிய போஞ்சியை உண்டாக்க ஆறு வருடம் மண்ணோடு கிடந்தாராம். அது கைகூடிய வருடமே பட்டாளத்தில் சேர்ந்தார். ஆராய்ச்சிக்காரர், போகாமல் இருந்திருக்கலாம். "அங்கே நம் சனத்தைக் கொல்கிறார்கள், நான் போஞ்சிக்குக் காவல் இருக்கவா?" என்றாராம். ஐரோப்பாவிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில், "போஞ்சி பூத்ததா?" என்று கேட்டிருந்தார். பூத்தது என்று தங்கை எழுதிய பதில் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அன்றிலிருந்து வருடாவருடம் மிரியமே விதைத்து, முற்றவிட்டு, விதை எடுத்துவந்தார். வேறெங்கும் அந்தப் போஞ்சி கிடையாது.

"முற்றினதும் சொல்லு," என்றார். நான் பலமாகத் தலையாட்டினேன். தலையாட்டும்போது எனக்குக் காது கேட்பதில்லை.

விதை முழுவதையும் ஊன்றினேன். ஆடி முடிவில் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகவேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போவது? கொடியைப் பார்த்தேன். பிஞ்சும் காயுமாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. ஒன்று விடாமல் ஆய்ந்தேன்.

"என்னப்பா, இவ்வளவு பிஞ்சு எங்கால?" என்றாள் மனைவி.

"என்ர விளைச்சல்!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அவள் பால்கறி வைத்தாள்.

நான் கொண்டுபோன கறிச்சட்டியின் மூடியை மிரியம் திறந்து பார்த்தார். "கொடியில் எத்தனை மிச்சம்?"

"ஒன்றும் விடவில்லை. முழுக்க உங்களுக்குத்தான்," என்றேன், பெருமையாக.

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். அப்போதுதான் என் மரமண்டைக்கு விளங்கியது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

பிறகு அவர் கரண்டியை எடுத்தார். "அறுபது வருடம் விதைத்தேன். ஒரு காயைக்கூட வாயில் வைத்ததில்லை. அவன் இதைச் சாப்பிடத்தானே உண்டாக்கினான்!" அழுதபடியே முழுக்கச் சாப்பிட்டார். எனக்கொரு வாய் தரவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தேன்?

இலைக்குள் ஒளிந்திருந்த ஒரேயொரு காய் பிறகு அகப்பட்டது. நாலு விதை. அடுத்த வருடம் அவசரப்பட்டு உறைபனி விடுமுன்னே ஊன்றினேன். பரம்பரை விவசாயி அல்லவா! நாலும் முளையிலேயே கருகின. அதற்கடுத்த மாரிக்குளிரில் மிரியமும் போய்விட்டார். பாத்தி இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.

அந்தக் கறியை ருசித்தவர்களில் மிச்சம் என் மனைவிதான். சமைக்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தவள். நேற்றும் கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"ஞாபகம் இல்லையப்பா. நான் உப்புத்தானே பார்த்தனான்."