வெறுங்குரல் பாய்

பட்டுக்கோட்டையில் பதினெட்டு வருஷம் மைக் செட் வாடகைக்கு விட்டவன் நான். கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, பாட வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இன்னும் ரெண்டு மைக், இன்னும் ரெண்டு பாக்ஸ். 1999 வைகாசியில் என் கடைக்கு வந்த ஜெகபர் அலி மட்டும் வேறு மாதிரி பேசினார். நாலு பேர் பாடுகிறோம், நாலு மைக் போதும், ஆர்மோனியம் கிடையாது, தபேலா கிடையாது, கீபோர்டும் கிடையாது என்றார். அப்புறம் என்னதான் இருக்கும் என்று கேட்டேன்.

"தொண்டை இருக்குங்க" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையிலேயே எனக்குக் கொஞ்சம் திகைப்பு. வயலில் ஐந்து குதிரை மோட்டார் போடும்போது, சத்தம் காதுக்கு வருமுன் வரப்பில் நிற்பவன் உள்ளங்காலில் ஓர் அதிர்வு ஏறும். அவர் குரல் அந்த வகை. ஒல்லியான ஆள், கட்டம் போட்ட சட்டை, முப்பது வயதுக்கே நரைத்த தாடி. அந்த உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே உட்கார்ந்திருந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அவருடைய அப்பா அப்துல் மஜீது தேங்காய் வியாபாரி. பதின்மூன்று வயதில் மகனுக்குக் குரல் உடைந்தது. உடைந்தது கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும் வரிசையில் இவர் நின்றால் மற்ற பிள்ளைகள் சிரித்துவிடுவார்களாம். வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் யார் முன்னாலும் பாடவில்லை. 1990இல் லத்தீஃபாவுடன் கல்யாணம். மூன்று வருஷம் கழித்து, ஊரில் பாதிப் பேர் போன வழியிலேயே ஷார்ஜாவுக்குப் போனார். இரும்புக் குழாய்க் கிடங்கில் வேலை.

அங்கேதான் சாமுவேல் வந்தார். கானா நாட்டுக்காரர், கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவர், ஊரில் சர்ச்சில் பாடிய ஆள். வெள்ளிக்கிழமை காலையில் தொழிலாளர் கேம்ப் மொட்டை மாடியில் எல்லோரும் துணி துவைக்கும்போது சாமுவேல் பாடுவார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டு. கருவி எதுவும் இல்லாமல் ஐந்தாறு பேர் குரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாடிய கேசட்டுகள் அவரிடம் ஒரு பை நிறைய இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை, ஜெகபர் அலி ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டே, தன்னை அறியாமல் அந்தப் பாட்டுக்கு அடியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சாமுவேல் முழங்கை வரை சோப்பு நுரையோடு திரும்பி, இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டாராம்.

வாயை மூடச் சொன்ன குரலை ஒருத்தர் முதன்முதலாகக் கேட்டு வாங்கினார். ஒரு மலையாளியும் ஒரு பிலிப்பைன்ஸ்காரரும் சேர்ந்துகொள்ள, நாலு பேரும் ஐந்து வருஷம் பாடினார்கள். முதலில் மொட்டை மாடி, பிறகு கம்பெனி ஆண்டு விழா, பிறகு மற்ற கேம்ப்புகள், இரண்டு தடவை பெரிய ஹோட்டல்கள். சோல் என்றால் என்ன என்று இவர் கேட்டதற்கு சாமுவேல் நெஞ்சைத் தொட்டுக் காட்டவில்லையாம். வயிற்றில் கை வைத்து, மூச்சு இங்கிருந்து வந்தால் அது பொய் சொல்லாது என்றாராம்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஜெகபர் அலி அனுப்பும் கேசட்டில் வீட்டு விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு மீதி இடத்தில் நாலு பேரின் பாட்டு இருக்கும். லத்தீஃபா அதைத் தன் அக்காள் வீட்டில் போட்டுக் காட்டினார். அக்காள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போயிற்று. அவர் ஊர் திரும்புமுன்னே அவர் பாட்டு ஊரில் நடமாடத் தொடங்கிவிட்டது.

1999இல் கம்பெனி கைமாறி ஆட்களைக் குறைத்தார்கள். திரும்பி வந்தவர் மறுபடி விசாவுக்கு அலையவில்லை. ஒரு வருஷம் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் தேங்காய்க்கே போய்விடுகிறேன் என்று லத்தீஃபாவிடம் சொன்னார். ஜெகபர் அலி போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. மார்க்க ஒழுங்குப்படி வாத்தியம் வேண்டாம் என்று அப்போது பல குடும்பங்கள் முடிவெடுத்திருந்தன. ஆனால் கல்யாண வீட்டில் பாட்டே இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு மனசு கேட்காது. குரல் மட்டும் என்றால் பெரியவர்களும் சரி என்பார்கள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஷஹ்பாஸ் பாட்டு எழுதுவார், மேல்ஸ்தாயியும் பாடுவார். நடுக்குரலுக்குத் தையல்காரர் அப்துல் அஜீஸ். நாலாவது ஆளுக்கு முதல் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் சவூதி விசா வந்துவிட்டது.

என் கடையில்தான் ஒத்திகை. ஆள் குறைந்து மூன்று பேரும் சோர்ந்து பாடிக்கொண்டிருக்க, நான் ஒயரைச் சுற்றியபடி வாயாலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயசிலிருந்து தவில் சத்தத்தை வாயில் அடித்துப் பழக்கம். அதற்காக எங்கப்பாவிடம் உதைகூட வாங்கியிருக்கிறேன். ஜெகபர் அலி பாட்டை நிறுத்தினார். "பஞ்சநதம், அத நிறுத்தாதீங்க" என்றார். அன்றைக்கு நாலாவது ஆளானேன். ஊரில் எங்களை வெறுங்குரல் செட் என்றார்கள். அவர் வெறுங்குரல் பாய் ஆனார்.

2000 ஜனவரியில் கடலோரத்து ஊர் ஒன்றில் கல்யாணம். நிக்காஹ் முடிந்து காலை பதினொன்றரை மணிக்குப் பாடத் தொடங்கினோம். இரண்டாவது பாட்டிலேயே பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மேடைக்கு முன்னால் வந்து கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. வாத்தியம் இல்லை என்று சொல்லித்தானே ஒப்புக்கொண்டோம், அடியில் டிரம்மும் பெரிய கிட்டாரும் கேட்கிறதே, டேப் ஓடுகிறதா என்று கேட்டார். ஜெகபர் அலி இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. என் பெட்டிகளைத் திறந்து காட்டினேன். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் அவர் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. பெண் வீட்டார் தலைகுனிந்து நின்றார்கள். இந்த ஒரு மேடையில் பெயர் கெட்டால் அடுத்த மேடை கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று. ஃபேன் ஒவ்வொன்றாக நின்றது. என் பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. ஜெகபர் அலி மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். பெரியவருக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து அடிக்குரலைப் பிடித்தார். நாங்களும் இறங்கிச் சேர்ந்துகொண்டோம். என் வாயிலிருந்து டிரம் வருவதைப் பெரியவர் உற்றுப் பார்த்தார். பிறகு ஜெகபர் அலியின் தொண்டைக்கு நேராக மெல்லக் கையை நீட்டி, தொடலாமா என்பது போல நிறுத்தினார். இவர் தலையசைத்தார். பெரியவர் விரல்களை அங்கே வைத்தபடி பாட்டு முடியும்வரை நின்றார்.

"அல்லாஹ் குடுத்த குரல்ல என்ன தப்பு இருக்கு. நல்லாப் பாடுங்க தம்பி" என்று சொல்லி, முன்வரிசையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதன் பிறகு எட்டு வருஷம் நாங்கள் நின்று யோசிக்க நேரமில்லை. கூத்தாநல்லூர், அய்யம்பேட்டை, நாகூர், காரைக்கால். ஒரு தடவை பினாங்கு வரைக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தோம். எங்கள் சித்தப்பா பேரனின் காதுகுத்துக்கும் பாடினோம். வாத்தியப் பெட்டி எதையும் இறக்காமல் எப்படிக் கச்சேரி பண்ணப் போகிறீர்கள் என்று சித்தப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

2008 ஆடியில் அவர் குரல் கரகரக்கத் தொடங்கியது. காற்று, தூசி, எண்ணெய்ப் பலகாரம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார். ஐப்பசியில் அடிக்குரல் பாதியில் அறுந்தது. சரிசெய்வது போல நான் தாளத்தை ஓங்கி அடிப்பேன், யாருக்கும் தெரியாது. அவருடைய அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டைப் புற்றில் போனவர். அவருக்கும் முதலில் கரகரப்புதான் வந்தது. ஜெகபர் அலி டாக்டரிடம் போகாததற்குக் காரணம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் லத்தீஃபா என் கடைக்கு வந்தார். தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் தானாகவே போன் போட்டு நாள் வாங்கியிருந்தார்.

"அண்ணே, நான் கூப்புட்டா வரமாட்டாங்க. நீங்க எப்புடியாவது வண்டில ஏத்துங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி அவரை வேனில் ஏற்றினேன். பொய் சொல்லத் தெரியாதவன் நான். வழியெல்லாம் நெல்லைப் பற்றியே பேசினேன். ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தினால், பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட லத்தீஃபா படியில் நிற்கிறார். ஜெகபர் அலி போர்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் பிரகதாம்பாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாண் மேல் மிளகு அளவு ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். நல்லதா கெட்டதா என்று லத்தீஃபா கேட்டதற்கு, பார்த்தால் பயப்படும்படி தெரியவில்லை, ஆனால் ரிசல்ட் வராமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டாம் நாளே ஆபரேஷன் ஆயிற்று. பதினைந்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. ரிசல்ட் வர எட்டு நாள்.

அந்த எட்டு நாளைப் போல ஒரு காலத்தை நான் பார்த்ததில்லை. மகள் சுமையாவின் நோட்டு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு எழுதிக் காட்டுவார். போன் வந்தால் லத்தீஃபா எடுத்து, ஊரில் இல்லை என்பார். அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. நான் போனபோது நோட்டில் ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினார்: எனக்கு ஏதாவது ஆனால் ஷஹ்பாஸை அடிக்குரலுக்கு மாற்றாதே, அவன் தொண்டை தாங்காது. நோட்டை மூடி அவர் மடியிலேயே வைத்தேன்.

ஒன்பதாம் நாள் மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் தாளை ஒரு தடவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"புத்து இல்ல. சாதாரணக் கட்டிதான். குரலுக்கு ஓய்வே குடுக்காம பாடினதால வந்தது."

லத்தீஃபா தாளை எட்டிப் பார்த்தார். "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார்.

"புத்து இல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல."

ஜெகபர் அலிக்குப் பேசக் கூடாத நாள் இன்னும் ஆறு பாக்கி. வாயைத் திறந்து, ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். நோட்டை எடுத்தார், எழுத வரவில்லை. பிறகு சிரித்தார். துளிச் சத்தம் இல்லாமல் தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க, கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்க ஒரு சிரிப்பு. லத்தீஃபா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சத்தமாக அழுதவன் நான் ஒருத்தன்தான். டாக்டர் எனக்குத்தான் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஒரத்தநாட்டில் வேனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். எட்டு நாள் பட்டினியைத் தீர்ப்பது போல ஆறு இட்லி, ஒரு தட்டுப் பொங்கல் சாப்பிட்டார். வடையை நோக்கிக் கை போனபோது லத்தீஃபா தட்டை நகர்த்திவிட்டார். கடைக்காரர், ஐயாவுக்குப் பேச வராதா என்று என்னிடம் பரிதாபமாகக் கேட்டார். வரும், நிறைய வரும் என்றேன்.

குரல் உடனே திரும்பவில்லை. தஞ்சாவூருக்கு வாரம் ஒரு தடவை போய், குழந்தை மாதிரி ஊ என்றும் ம் என்றும் பழகினார். மிக அடியில் இருந்த இரண்டு ஸ்வரம் போய்விட்டது. ஒன்று எட்டு மாதம் கழித்து வந்தது, இன்னொன்று வரவே இல்லை. எனக்குத்தான் அது வருத்தம். அவர், இருக்கிறதை வைத்துப் பாடலாம் பஞ்சு என்று விட்டுவிட்டார். மாதத்துக்கு நாலு மேடைக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை என்ற சட்டத்தை லத்தீஃபா போட்டார். அதற்கு மட்டும் அப்பீல் கிடையாது.

மறுபடி அவர் பாடியது 2009 ஆடிக் கடைசியில், கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தில். முதல் பாட்டின் முதல் வரி தாண்டும்வரை ஷஹ்பாஸ் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். குரல் தாண்டியது. இரண்டாவது வரியும் தாண்டியது. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது; பிரியாணி வாசனை வரத் தொடங்கியதால் பாதிப் பேர் பந்தி பக்கம் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பக்கமும் நாற்று விட்டிருந்தார்கள். பின் சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே ஜெகபர் அலி தூங்கிவிட்டார். குறட்டையும் அந்த அடிக்குரலில்தான் வந்தது. அப்துல் அஜீஸ் அவரை எழுப்பப் பார்த்தார். விடு, தூங்கட்டும் என்று சொல்லி, குழி பார்த்து மெதுவாக ஓட்டினேன்.