குரும்பூர் விலக்கு

அத்தான் தண்ணீர் வாங்கிக் குடிக்கத்தான் டம்ளரை நீட்டினார். அதில் வந்து விழுந்தது ஒரு பத்து ரூபாய் நோட்டு. பாளையங்கோட்டையை ஒட்டிய வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில், ஒரு டீக்கடை வாசலில், நல்ல வெயில் நேரத்தில் நடந்தது இது. போட்டது ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. போட்டதோடு நிற்கவில்லை, அத்தானைக் கையெடுத்துக் கும்பிட்டாள். என் அக்காவைக் கட்டிய இந்த மனிதரை யாரும் கும்பிட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. “சாமி, என் மவன் ஆஸ்பத்திரில கெடக்கான். எந்திரிச்சு நடக்கணும்னு அம்மன்ட்ட சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பா” என்றாள். குரல் உடைந்துவிட்டது. அத்தான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்தது, அவள் ஏறினாள், பஸ் போய்விட்டது.

அது தசரா சமயம். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கையில் காப்புக் கட்டி, காளியாக, குரங்காக, ராஜாவாக, பிச்சைக்காரனாக வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை கேட்டு வருவார்கள். கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்க் கோயில் உண்டியலில் போட வேண்டும். அத்தான் அன்றைக்கு இருந்த கோலத்தைச் சொன்னால் அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டீர்கள். மாதக் கணக்கில் கத்திரி படாத தாடி. மலை வெயிலில் தோல் உரிந்து கறுத்த முகம். வார் அறுந்து கயிற்றால் கட்டிய முதுகுப் பை, அதில் தொங்கும் கரி பிடித்த சட்டி. போதாக்குறைக்கு மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. இமயமலைப் பக்கம் நாங்கள் தங்கிய விடுதிக்காரம்மா வழித்துணைக்கு என்று கட்டிவிட்டது. “நாங்க வேஷம் போட்டவுக இல்லங்க, ஊரு சுத்திட்டு வாரோம்” என்று அத்தான் சுற்றி நின்றவர்களிடம் சொல்லிப் பார்த்தார். “எப்படி நடிக்கான் பாத்தீயளா!” என்று ஒருவர் ரசித்துச் சிரித்து இன்னொரு நோட்டைப் போட்டார். அவர் மறுக்க மறுக்க டம்ளர் நிறைந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. காலையிலிருந்து அந்த வயிற்றுக்குள் ஒரு டீயைத் தவிர வேறொன்றும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர் ‘பாதி’. பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டார். செல்போன் கடை வைத்து அதையும் பாதியில் மூடினார். பாளையங்கோட்டையில் அவர் கட்டத் தொடங்கிய வீடு, சுவர் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேல் போக மனமில்லாமல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். கூட்டாளி சரியில்லை, மணல் விலை ஏறிப்போச்சு, மேஸ்திரி ஏமாற்றிவிட்டான். நாங்கள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் அக்காவிடமே, “பாதி எப்படி இருக்கான்?” என்று கேட்பார்கள். அவள் அங்கே சிரிப்பாள், வீட்டுக்கு வந்து அழுவாள்.

கடையை மூடிய கையோடு, மிஞ்சிய காசில் வடக்கே போய் மலையிலிருந்து ஊர் வரைக்கும் ஒரு பயணம் வரப்போகிறேன் என்றார் அத்தான். வீடே சிரித்தது. அக்கா மட்டும், “போங்க. ஆனா இதையாவது முழுசா முடிச்சிட்டு வாங்க” என்றாள். படிப்பை முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நானும் ஒட்டிக்கொண்டேன். முன்பதிவில்லாத ரயில் பெட்டி, லாரி, கிடைத்த இடத்தில் தூக்கம் என்று வந்துசேர்ந்தோம். கடைசிப் பகுதிக்கு அத்தான் ஒரு திட்டம் வைத்திருந்தார். தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் பாபநாசத்திலிருந்து அது கடலில் சேரும் புன்னைக்காயல் வரை, எந்த வண்டியிலும் ஏறாமல் நடப்பது. அங்கே போய் நின்றால் பயணம் முடிந்தது. வண்ணார்பேட்டைக்கு வரும்போது எங்களிடம் இருந்த காசு டீக்கும் பன்னுக்கும்தான் காணும். பாளையங்கோட்டை வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். போனால் அக்கா சுடுசோறு போடுவாள். “உக்காந்தா எந்திரிக்க மாட்டேன், எனக்கு என்னையத் தெரியும்” என்று அத்தான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இப்போது இந்தக் காணிக்கை வேறு சேர்ந்துகொண்டது. அத்தான் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கடை வாசலில் பரோட்டா கல்லில் வேகிற வாசம் என்னை நிறுத்திவிட்டது. “அத்தான், இப்பம் எடுத்துச் சாப்புடுவோம். வீட்டுக்குப் போயி அதே காசை அம்மனுக்கு அனுப்பிருவோம். அம்மன் என்ன நோட்டு நம்பரா பாக்கப் போவுது?” என்றேன். அவர் எங்கள் சொந்தக் காசில் இரண்டு பன் வாங்கி, பெரியதை என்னிடம் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் ஆழ்வார்திருநகரி வரை அவரிடம் பேசாமல் நடந்தேன். அதற்குள் அவர் நொண்ட ஆரம்பித்திருந்தார். சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றில் இறங்கியபோது கண்ணாடிச் சில்லு குத்திய இடம் சீழ் வைத்து, பாதம் வீங்கிவிட்டது. “இன்னும் ஒரு நா தாங்கும்” என்று துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டார்.

தென்திருப்பேரை தாண்டிக் குரும்பூர் விலக்கில் பாதை பிரிந்தது. இடப்பக்கம் ஆற்றோடு போனால் புன்னைக்காயல். வலப்பக்கம் போனால் குரும்பூர், உடன்குடி, பிறகு குலசை என்கிற குலசேகரன்பட்டினம். மறுநாள் அங்கே சூரசம்ஹாரம், தசராவின் முடிவு. புன்னைக்காயல் போய்த் திரும்பினால் திருவிழா முடிந்துவிடும், அந்தக் காலும் அதோடு முடிந்துவிடும். ஏதாவது ஒரு பக்கம்தான் போக முடியும். நாங்கள் நின்று யோசிக்கும்போது மேளமும் வேஷமுமாக ஒரு வேன் வந்து நின்றது. காளி வேஷம் போட்டிருந்தவர் நாக்கைக் கழற்றிவிட்டு, “குலசைக்குத்தான? ஏறுங்க அண்ணாச்சி” என்றார். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. “காசை இவுககிட்டக் குடுத்துருவோம் அத்தான். நாம நம்ம வழியில போவோம். ஒரு நா நடைதான், முடிச்சிரலாம்” என்றேன்.

அத்தான் ஆற்றுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், “மாப்ள, நான் கோயில்ல காணிக்கைப் பை எடுத்தவன்லா. பையக் கையில வாங்குனா நேரா ஆல்டர் பீடம் வரைக்கும் நாமதான் கொண்டு போகணும். நடுவுல இன்னொருத்தன் கையில குடுக்கப்பிடாது” என்றார். “அது நம்ம கோயிலு அத்தான்.” “காணிக்கை காணிக்கைதாம்லே. அந்தம்மா என்னப் பாத்துல்லா சொல்லிட்டுப் போனா.” சொல்லிவிட்டு, பாபநாசத்திலிருந்து எந்த வண்டியையும் தொடாத மனிதர், நல்ல காலைத் தூக்கி வேனின் படியில் வைத்தார். அந்த நொடியில் அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

குலசையில் கால் வைக்க இடமில்லை. அங்கே எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் எங்களைவிட நன்றாக வேஷம் போட்டிருந்தார்கள். நெரிசலில் தள்ளுப்பட்டு உண்டியலை அடைந்ததும் அத்தான் பையை அவிழ்த்துக் கடைசி நாணயம் வரை போட்டார். பிறகு தயங்கினார். அந்தச் சந்நிதியில் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “அம்மா, வண்ணார்பேட்டையில பஸ் ஏறுன ஒரு அம்மா சொல்லச் சொன்னாக. அவுக மவன் ஆஸ்பத்திரில கெடக்கானாம். பேரு கேக்க விட்டுப்போச்சு. நீங்க பாத்துக்கிடுங்க.” பின்னால் இருந்தவர்கள் தள்ளத் தள்ள, “எந்திரிச்சு நடக்கணுமாம்” என்று திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். அன்னதானத்தில் நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். மருத்துவ முகாமில் இருந்த நர்ஸ் அந்தக் காலைப் பார்த்துத் திட்டின திட்டு இருக்கிறதே! இனி தரையில் ஊன்றினால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டாள். வந்த வேனிலேயே மறுநாள் ஊருக்குத் திரும்பினோம்.

வீட்டு வாசலில் அத்தானின் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் சொந்தக்காரர்கள். “என்னடே, கடல் வரைக்கும் போனியா, இல்ல வழக்கம்போலத்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இல்லப்பா. குரும்பூர் விலக்கோட நின்னுட்டு” என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, வழக்கமாக அடுத்து வரும் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. நான் வாயெடுத்தேன், வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நொண்டிச் சாக்குச் சொன்ன மனிதர், முதல்முறையாக உண்மையான காரணம் கையில் இருந்தும் சொல்லவில்லை. ஏன் என்று அப்புறம் கேட்டேன். “காணிக்கையச் சாக்கு சொல்லப்பிடாதுலே” என்றார். அக்காவிடம் மட்டும் அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இப்போது எனக்குப் பெங்களூரில் நல்ல வேலை. எங்கே போவதென்றாலும் விடுதியும் வாடகைக் காரும் பதிவு செய்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுகிறேன். எதையும் பாதியில் விட எனக்கு வாய்ப்பே இல்லை. அத்தான் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று, பூச்சுவேலை அப்படியே கிடக்கிறது. கேட்டால், “இன்னும் செய்யல” என்கிறார். அவ்வளவுதான், மேலே ஒரு வார்த்தை கிடையாது.

அந்த வருஷம் கால் ஆறுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. மழை விட்டதும் ஒருநாள் விடிகாலையில் அத்தான் பஸ் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார். “நில்லுங்க, நானும் வாரேன்” என்று அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்திருக்கிறாள். இருவரும் குரும்பூர் விலக்கில் இறங்கி, ஆற்றோரமாக இடப்பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியாது. நான் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வுக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மத்தியானம் போன் வந்தது. காற்று இரைச்சலில் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அக்காவின் குரல் கேட்டது. அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

“ஏலே, ஆத்துத் தண்ணி உப்புக் கரிக்குதுலே!”