தொலைக்காட்சியில் வந்த என் மகள்

எண்பத்தாறில், நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டுக்கு வந்து எட்டு மாதமாகியிருந்தபோது, என் மகளின் பாலர் பள்ளிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளை டெனிஷ் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் சிறுவர் நிகழ்ச்சி. நல்ல நோக்கம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கோபம்தான் போகவில்லை.

மகளுக்கு அப்போது ஆறு வயது. விழாமலிருக்கப் பூட்டும் பக்கச் சில்லு இல்லாமல் சைக்கிள் ஓட அந்த மாதம்தான் பழகியிருந்தாள். கமெராவுக்கு முன்னால் முற்றத்தை நாலு தரம் சுற்றிக் காட்டினாள். பிறகு நிகழ்ச்சி நடத்திய பெண் அவளைக் கதிரையில் இருத்தி, ஊரில் வீடுகள் எரிந்ததைப் பார்த்தாயா என்று கேட்டாள்.

மொழிபெயர்க்க வந்திருந்த எங்கள் ஊர்க்காரரிடம், “அண்ணை, பிள்ளையிட்டை உந்தக் கேள்வியெல்லாம் கேக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றேன்.

“தங்கச்சி, நல்ல சனம். எங்களைப் பற்றி நல்லாச் சொல்லத்தானே வந்திருக்கினம். கொஞ்சம் பொறுங்கோ.”

அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. மகள் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒளிபரப்பில் சைக்கிள் இல்லை. குனிந்த அந்த முகம்தான் நெடுநேரம் வந்தது, பின்னணியில் சோகமான பியானோவோடு. இவர்களைப் போன்ற பிள்ளைகளிடம் அன்பாயிருங்கள் என்று சொல்லி அந்தப் பெண் முடித்தாள்.

பிள்ளைகளும் சொன்னபடி நடந்தார்கள். மூன்றாம் நாள் மகள் அழுதுகொண்டு வந்தாள்.

“அம்மா, ஓடிப்பிடிச்சு விளையாடேக்கை என்னை மட்டும் ஒருத்தரும் பிடிக்கினமில்லை.”

“ஏனாம்?”

“நான் பாவமாம்.” பாவம் என்பதை டெனிஷில் சொன்னாள்.

துரத்தி வருகிறவர்கள் அவளை நெருங்கியதும் வேறு பிள்ளையின் பின்னால் போய்விடுகிறார்களாம். வேண்டுமென்று மெல்ல ஓடியும் பார்த்தாளாம். தாண்டிப் போனார்களாம்.

மறுநாள் காலையில் ஆசிரியையிடம் போனேன். “அவள் நன்றாக ஓடுவாள். அவளையும் பிடிக்க வேண்டும்” என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். ஆசிரியை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “பிள்ளைகள் எவ்வளவு கனிவாக மாறிவிட்டார்கள், பார்த்தீர்களா?” என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் படிப்பித்தவள் நான். இது கனிவில்லை என்று விளக்க டெனிஷில் ஒரு சொல் கிடைக்காமல் அந்த வாசலில் நின்றேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். அகராதியை வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். நிகழ்ச்சியைப் பார்த்ததற்கு நன்றி சொல்லி, ஒட்டிக்கொள்ள ஒரு யானைப் படமும் அனுப்பினார்கள்.

சில வாரங்களில் பிள்ளைகள் நிகழ்ச்சியை மறந்தார்கள். ஒருநாள் மகளைக் கூட்டிவரப் போனபோது முழங்காலில் இரத்தம். “ஒராள் என்னையும் பிடிச்சுத் தள்ளிப்போட்டாள் அம்மா!” என்று சிரித்தாள். பின்னாலேயே ஆசிரியை ஓடிவந்து, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

“இல்லை, நடக்கட்டும்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. என் டெனிஷில்தான் பிழை என்று நினைத்து, அதே மன்னிப்பை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் சொன்னார்.