கோமதியின் ஓரிதழ் தாமரை

போன வாரம் இருமலுக்கு அதிமதுரம் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அலமாரியில் ஓரிதழ் தாமரைப் பொடி என்று ஒரு பொட்டலம். கை தானாக நீண்டுவிட்டது. கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்து, "உங்களுக்கா அண்ணாச்சி?" என்று சிரித்தார். ஆண்மைக்கென்று ஆண்கள் வாங்கிச் சாப்பிடும் பொடி அது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். இந்த வயதில் எனக்கு இந்தப் பெயரும் வேண்டியதுதான்.

எனக்கு அது மருந்தல்ல, பூ. தாமரை என்று பெயரே தவிர, குளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு சாண் செடி, விரல்நகம் அளவில் ஒற்றை இதழ், கத்தரிப்பூ நிறம்.

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் கிளார்க் வேலை, புதுக் கல்யாணம். மனைவி கோமதி மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. மறுவீடு போய்த் திரும்பும்போது, முறுக்கு அதிரசத்தோடு அவள் அப்பாவின் வயல் வரப்பிலிருந்து நாலு செடியையும் ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். வாடகை வீட்டுப் புறவாசலில் முருங்கை நிழலில் நட்டாள். துவைகல்லின் சோப்புத் தண்ணீர் போகாமல் செங்கல்லால் அணை கட்டினாள். அரிசி கழுவிய தண்ணீர் அதற்குத்தான். கோடையில் செடி சருகாகிவிடும். உதிர்ந்த விதை ஐப்பசி மழைக்கு முளைக்கும். இன்றைக்கு எத்தனை பூ என்று சாயங்காலம் சொல்லுவாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' என்பேன்.

சித்திரையில் தலைப்பிரசவத்துக்குப் புறப்பட்டபோது, "காஞ்சு கிடக்குன்னு நினைக்காதிய. நீங்க ஒண்ணுமே செய்யாண்டாம், மழ பெஞ்சா அதுவா வரும்" என்றாள்.

புரட்டாசியில் பிள்ளையோடு வருவதாகத் தகவல் வந்தது. பச்சைப் பிள்ளை வரும் வீடென்றால் எங்கள் ஊரில் முதலில் புறவாசலைப் புல் பூண்டில்லாமல் செதுக்குவோம், பூச்சி பொட்டு அண்டக்கூடாது. எனக்கோ அப்பனான மிதப்பு. செதுக்கினால் போதாதென்று, ஆள் விட்டு ஒரு சாண் மண்ணையே வாரி வண்டியில் அனுப்பிவிட்டு, ஆற்றுமணல் பரப்பினேன். செடியை மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என்றைக்கு நினைத்தேன், மறப்பதற்கு?

கோமதி பிள்ளையைத் தோளில் போட்டபடி புறவாசலில் நின்றாள்.

"இங்கன கிடந்த மண்ண எங்க போட்டிய?"

"வண்டிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். ஏன்?"

காலால் மணலைக் கீறிப் பார்த்தாள். "சரி, பிள்ளைக்காகத்தான செஞ்சிய" என்று உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். பிறகு மூன்று வீடு மாறினோம். எந்த வீட்டிலும் அவள் ஒரு துளசிகூட நடவில்லை.

கோமதி போய் நாலு வருஷமாகிறது. அவள் அப்பாவின் அந்த வரப்பையும் நிரவி, பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். மழைக்குப் பிறகு இரண்டு தடவை போய்த் தேடினேன், ஒரு செடியும் இல்லை.

பொட்டலத்தைப் பிரித்தால் பழுப்புப் பொடி, வைக்கோல் வாசம். விதை ஏதாவது அரைபடாமல் தப்பியிருக்காதா என்று ஒரு தொட்டி மண்ணில் தூவியிருக்கிறேன். முளைக்காது என்று தெரியாமலில்லை. தினமும் அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.